பையர் கேட்கும் கணக்கை எப்படி வைப்பது? திருப்பூர் ஏற்றுமதியாளர் முன் உள்ள வழிகள்

திருப்பூரில் நடுத்தர அளவில் ஏற்றுமதி செய்யும் எந்த பனியன் கம்பெனிக்கும் இப்போது ஆர்டரோடு சுற்றுச்சூழல் பற்றிய கேள்வித்தாளும் சேர்ந்தே வருகிறது. சரக்கு வாங்கும் ஜெர்மன் பையர் ஓர் எக்செல் தாளை அனுப்பி, ஒவ்வொரு ஸ்டைலுக்கும் நூல் எந்த மில், சாயம் எந்தப் பட்டறை, மின்சாரம் எத்தனை யூனிட் என்று கேட்கிறார். ஸ்வீடன் பையருக்குத் தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் கணக்கைச் சொல்லும் ஹிக் மதிப்பீடு வேண்டும். பிரிட்டன் பையர், ஆர்கானிக் பருத்திக்கு டி.சி. எனும் பரிவர்த்தனைச் சான்று இல்லாமல் சரக்கைக் கப்பலில் ஏற்றாதே என்கிறார். உள்நாட்டு பிராண்டு ஒன்று தன் ஆண்டறிக்கைக்காகத் தண்ணீர்க் கணக்குக் கேட்கிறது. நால்வரும் தேடுவது பெரும்பாலும் ஒரே விவரங்கள்தான். ஆனால் வடிவம் நான்கு, அலகு நான்கு, கெடுவும் நான்கு. பதில் எழுத உட்காருபவரோ ஒருவர்.

அந்த ஒருவரையும் அவருடைய முதலாளியையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தையலும் செக்கிங்கும் பேக்கிங்கும் சொந்தம். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி எல்லாம் வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்விக்கும் ஜாப் ஒர்க். ஊழியர்கள் சில நூறு பேர். இப்படிப்பட்ட நிறுவனத்துக்கு எந்த வழி பொருந்தும் என்பதே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மென்பொருளை வாங்கலாம் என்று தொடங்குபவர்கள் பெரும்பாலும் பணத்தை இழக்கிறார்கள். சரக்கு கைமாறும் இடத்தில், அதாவது சரக்கோடு போகும் ஜாப் ஒர்க் சலானில், என்ன எழுதுகிறோம் என்று தொடங்குபவர்களுக்கு மற்ற எல்லா வழிகளும் எளிதாகின்றன.

எதற்காகக் கேட்கிறார்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தில், நிறுவனங்களின் சுற்றுச்சூழல், சமூகத் தாக்கம் பற்றிய சி.எஸ்.ஆர்.டி. எனப்படும் அறிக்கைச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பெரிய நிறுவனங்கள் தங்கள் ஆலைகளைப் பற்றி மட்டுமின்றி, தங்களுக்குச் சரக்குத் தருபவர்களைப் பற்றியும் கணக்குச் சொல்ல வேண்டும் என்றது. பிறகு 2025 பிப்ரவரியில் ஆம்னிபஸ் என்ற தொகுப்பின் மூலம் அதைச் சுருக்கும் வேலை தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி, 1000 ஊழியர்களுக்கு மேலும் 45 கோடி யூரோ விற்றுமுதலுக்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கே அது பொருந்தும். இதைக் கேட்டதும் நம் ஊரில் பலர், சட்டம் தளர்ந்துவிட்டது, இனி இந்தத் தொல்லை இல்லை என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திருப்பூரில் பெரிய அளவில் வாங்கும் ஐரோப்பியச் சில்லறை வணிகர்கள் அந்த வரம்புக்கு மேலேதான் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பொருள் வடிவமைப்புச் சட்டம் டிஜிட்டல் பாஸ்போர்ட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவருகிறது. ஆடையின் மீதுள்ள குறியீட்டை ஸ்கேன் செய்தால் அது எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது என்பன தெரிய வேண்டும். 2025 ஏப்ரலில் வெளியான செயல்திட்டத்தில் ஜவுளி முன்வரிசையில் இருக்கிறது. அதற்கான விதிகள் 2027-ஐ ஒட்டி வரும் என்று அத்திட்டம் குறிக்கிறது. நிறுவன அறிக்கைக்கு மொத்தக் கணக்கு போதும். பாஸ்போர்ட்டுக்கு ஒவ்வொரு ஸ்டைலுக்கும் கணக்கு வேண்டும். வேலை கடினமாகும் இடம் அதுதான்.

இந்தியாவிலும் இது நடக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல், பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி கேட்கும் பி.ஆர்.எஸ்.ஆர். எனும் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கையைத் தருகின்றன. முதல் 250 நிறுவனங்கள், தங்கள் கொள்முதலிலோ விற்பனையிலோ 2 சதவீதத்துக்கு மேல் பங்குள்ளவர்களின் விவரத்தையும் சேர்க்கலாம் என்று அதை விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். இன்றைய விருப்பம் நாளைய கட்டாயமாகும் என்று எண்ணிக்கொள்வது நல்லது.

ஒரு டி-ஷர்ட் கடக்கும் கைகள்

குஜராத்திலோ மகாராஷ்டிரத்திலோ தெலங்கானாவிலோ விளைந்த பருத்தி ஜின்னிங் ஆலையில் பேலாகிறது. கோவை, திண்டுக்கல் பக்கத்து மில்களில் நூலாகிறது. கோன்கள் திருப்பூருக்கு வந்து நிட்டிங்குக்குப் போகின்றன. சாயமிடாத கிரே துணி சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து துணி சுருங்காமல் பதப்படுத்தும் காம்பாக்டிங்குக்கும், பிறகு கட்டிங் மேசைக்கும் வருகிறது. ஏற்றுமதியாளர் கண்முன் நடப்பது கடைசி இரண்டு மூன்று படிகள் மட்டுமே. ஆனால் தண்ணீரும் வெப்பமும் ரசாயனமும் அதிகம் செலவாவது சாயப்பட்டறையில். மின்சாரம் அதிகம் செலவாவது நூல் மில்லில். பையர் கேட்கும் கணக்கின் பெரும்பகுதி, நம் கூரைக்கு வெளியே இருக்கிறது.

இந்தச் சங்கிலி அறுவது எங்கே என்று கவனித்தால் ஒரே இடம் திரும்பத் திரும்பத் தெரியும். மில்லின் லாட் எண் நிட்டிங் சலானில் இருக்கும். நிட்டிங்கிலிருந்து துணி சாயத்துக்குப் போகும்போது சலானில் ‘30-ஆம் நம்பர் கோம்டு சிங்கிள் ஜெர்சி, 600 கிலோ’ என்று மட்டும் இருக்கும். சாயப்பட்டறை தன் பேட்ச் எண்ணைப் போட்டுக்கொள்ளும். துணி திரும்பி வரும்போது கட்டிங் மாஸ்டருக்கு வேண்டியது நிறமும், துணியின் கனத்தைச் சொல்லும் ஜி.எஸ்.எம்.மும்தான், அந்த இரண்டும் சரியாக இருந்தால் அவர் வெட்டிவிடுவார். லாட் எண் ஓர் இடத்திலும் பேட்ச் எண் வேறோர் இடத்திலும் இருக்கின்றன. இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதியவர் எவரும் இல்லை. எக்செல் ஆனாலும், லட்சக்கணக்கில் விலையுள்ள மென்பொருள் ஆனாலும், இந்த இடைவெளியில் ஊகத்தைத்தான் நிரப்பும்.

எக்செல்

எக்செலைக் குறைத்துப் பேசுவது எளிது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். சொந்தத் தொழிற்சாலையின் கணக்குக்கு அது போதுமானது. மின்வாரிய பில்லில் யூனிட் இருக்கிறது. இந்திய மின்தொகுப்பிலிருந்து வரும் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்ற கணக்கை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் புதுப்பித்து வெளியிடுகிறது. ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசல் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ. மாதம் 40,000 யூனிட் ஓடினால் 28 டன். 1000 லிட்டர் டீசல் எரித்தால் 2.7 டன். நாள்கணக்கில் மண்டையை உடைக்கும் வேலை இதில் இல்லை. இ-வே பில் போட்ட சரக்குக்குத் தூரமும் வாகன எண்ணும் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன. விறகு எரிப்பவர்களுக்கு எடைமேடைச் சீட்டு இருக்கிறது.

எக்செல் தோற்பது வெளியில் நடக்கும் வேலைகளின் கணக்கில். ஒவ்வொரு பையருக்கும் தனிக் கோப்பு, ஒவ்வொன்றிலும் சற்று வேறான எண், எது கடைசியாகத் திருத்தியது என்று தெரியாத நிலை. கோப்பை வைத்திருந்த பெண் வேறு வேலைக்குப் போனால் அவரோடு கணக்கும் போய்விடும். ஒரே பட்டறையின் பெயர் மூன்று பையர்களிடம் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும். இந்தக் கடைசித் தொல்லைக்கு மட்டும் செலவில்லாத மருந்து உண்டு. ஓப்பன் சப்ளை ஹப் என்ற திறந்த தளம், உலகெங்கும் உள்ள தொழிற்சாலைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தருகிறது. நம் ஜாப் ஒர்க் பட்டறைகள் ஒவ்வொன்றின் எண்ணையும் தேடி எடுத்துத் தாளில் ஒட்டிக்கொண்டால் பெயர்க் குழப்பம் தீரும்.

ஹிக் எனும் பொதுமேடை

ஆயத்த ஆடைத் துறையில் பிராண்டுகள் கூடி அமைத்த கூட்டமைப்பு உருவாக்கியது ஹிக் குறியீடு. அந்தக் கூட்டமைப்பின் பெயர் 2024 முதல் கேஸ்கேல். கேள்விகளை நிரப்பும் தளத்தின் பெயர் வேர்ல்ட்லி. தொழிற்சாலைக்கான சுற்றுச்சூழல் பகுதிக்கு எஃப்.இ.எம். என்று பெயர். ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு தொழிற்சாலை தன் மின்சாரம், எரிபொருள், தண்ணீர், கழிவுநீர், கழிவு, காற்று, ரசாயனம் பற்றிய விவரங்களை நிரப்புகிறது. பிறகு அங்கீகாரம் பெற்ற ஒருவர் வந்து சரிபார்க்கிறார். தொழிலாளர் பக்கத்துக்கு இதேபோன்ற பொதுவான ஏற்பாடாக எஸ்.எல்.சி.பி. இருக்கிறது. ரசாயனத்துக்கும் கழிவுநீருக்கும் இசட்.டி.ஹெச்.சி. இருக்கிறது.

இதன் உண்மையான பலம், ஒருமுறை நிரப்பியதைப் பல பையர்களுக்குக் காட்டலாம் என்பது. அதைவிட முக்கியமான இன்னொன்று நம் ஊரில் போதிய அளவு பேசப்படுவதில்லை. சாயப்பட்டறையே தன் எஃப்.இ.எம்.ஐ நிரப்பலாம், தன்னிடம் வேலை தரும் எல்லா ஏற்றுமதியாளர்களோடும் பகிரலாம். இருபது ஏற்றுமதியாளர்கள் இருபது முறை போன் செய்து மின் பில் கேட்கும் தொல்லை பட்டறைக்கு ஒரே அடியில் ஒழியும். அந்தத் தொல்லையால்தான் பல பட்டறைக்காரர்கள் எந்த எண்ணையாவது சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பலவீனம் இது: எஃப்.இ.எம். தொழிற்சாலையின் கணக்கு, சரக்கின் கணக்கல்ல. இந்த ஆண்டு இந்தப் பட்டறை இவ்வளவு தண்ணீர் எடுத்தது என்று சொல்லும். உங்கள் கறுப்பு டி-ஷர்ட் எவ்வளவு எடுத்தது என்று சொல்லாது. ஹிக் குடும்பத்தில் பொருளுக்கான கருவி தனியாக உண்டு. அதில் உள்ள சராசரி எண்களைக் கொண்டு ‘எங்கள் ஆடை இத்தனை சதவீதம் நல்லது’ என்று வாடிக்கையாளரிடம் விளம்பரம் செய்தது தவறாக வழிநடத்துவதாகும் என்று நார்வேயின் நுகர்வோர் ஆணையம் 2022 ஜூனில் சொன்னது. உலகச் சராசரியை எடுத்து ஒரு குறிப்பிட்ட சட்டையின் மேல் ஒட்டினால் அது உண்மையாகாது என்பதே அந்த முடிவின் சாரம். திருப்பூருக்கு இது நல்ல செய்தி. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

சான்றிதழ் சங்கிலி

ஆர்கானிக், மறுசுழற்சி இழைகளுக்கான ஜி.ஓ.டி.எஸ்., ஓ.சி.எஸ்., ஜி.ஆர்.எஸ். போன்ற சான்றிதழ்களைத் தரவு மேலாண்மையாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் திருப்பூரில் இப்போதைக்கு உண்மையாகவே கைக்குக் கை போகும் ஒரே விவரச் சங்கிலி டி.சி. எனும் பரிவர்த்தனைச் சான்றுதான். ஒவ்வொரு விற்பனைக்கும் இத்தனை கிலோ, இன்னாரிடமிருந்து இன்னாருக்கு என்று மூன்றாமவர் ஒருவர் சான்று தருகிறார். நூறு கிலோ ஆர்கானிக் நூல் வாங்கியவர் நூற்றிருபது கிலோ ஆர்கானிக் ஆடை விற்க முடியாது. சாயத்தில் சில கிலோ, கட்டிங்கில் பத்துப் பதினைந்து கிலோ போகும் என்பது தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும். தணிக்கையாளரும் அதைக் கேட்பார்.

அப்படியிருந்தும் ஏமாற்று நடந்தது. இந்தியாவிலிருந்து போன ஏறத்தாழ 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றுகள் பயன்படுத்தப்பட்டிருந்ததை 2020 அக்டோபரில் ஜி.ஓ.டி.எஸ். அமைப்பே வெளியிட்டது. பல நிறுவனங்கள் தடை செய்யப்பட்டன. நேர்மையாகச் சான்று வாங்கிய நம் ஏற்றுமதியாளர்கள் அதன்பின் டி.சி.க்காக வாரக்கணக்கில் காத்திருந்து அதன் விலையைக் கொடுத்தார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். சான்று முதல் படியில், அதாவது வயலிலும் ஜின்னிங்கிலும், பொய்யாகிவிட்டால் அடுத்து வரும் ஐந்து படிகளும் அந்தப் பொய்யை ஒழுங்காகக் கடத்தும். எனவே டி.சி. ‘எந்தப் பருத்தி’ என்ற கேள்விக்கு மட்டும் பதில். எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர் என்பது அதன் வேலையல்ல. பெட்டர் காட்டன் என்ற பருத்தித் திட்டம் நீண்ட காலம், எந்தப் பருத்தி என்று பாராமல் அளவை மட்டும் சமன் செய்யும் முறையில் இருந்தது. 2023 நவம்பரில்தான் பருத்தியின் நாடு வரை தொடரும் முறையைத் தொடங்கியது. பையர் ‘பெட்டர் காட்டன்’ என்று ஆர்டரில் எழுதினால் இரண்டில் எது என்று கேட்டுவிடுங்கள்.

மென்பொருள்

விற்பவர்கள் இரண்டு வகைச் சரக்கைக் கொண்டுவருகிறார்கள். ஒன்று, டெக்ஸ்டைல்ஜெனிசிஸ், டிரஸ்ட்ரேஸ் போன்று சரக்கின் வழியைத் தொடரும் தளங்கள். இவற்றைப் பெரும்பாலும் பையரே தேர்ந்தெடுத்துவிடுவார். நமக்கு வேலை உள்ளீடு செய்வது. மற்றொன்று, கார்பன் கணக்கு போடும் மென்பொருள்கள், அல்லது நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் இ.ஆர்.பி. எனும் நிறுவன நிர்வாக மென்பொருளில் சேர்க்கும் பகுதி. இவற்றை நம் பணத்தில் வாங்க வேண்டும்.

பார்க்க அழகாக இருக்கும். எண் கொடுக்காத இடத்தில் தானே ஓர் எண்ணை நிரப்பிக்கொண்டு, பச்சை நிறத்தில் ஒரு வட்டம் காட்டும். அந்த ‘தானே நிரப்பிய எண்’ எங்கிருந்து வந்தது என்பதுதான் நான் முதலில் கேட்பது. பின்னல் துணிக்குச் சாயம் போடுவதற்கான உலகச் சராசரியாக இருந்தால், அது திருப்பூரை இரண்டு வகையிலும் தவறாகக் காட்டும்.

கொஞ்சம் விளக்க வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யல் மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. மீண்டும் திறந்தவை, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறியவை மட்டுமே. கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வுகளில் வடித்து, மிச்ச உப்புநீரை ஆவியாக்கி, தண்ணீரில் பெரும்பகுதியை மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். உப்புக் கரைசலையும் மீட்டு எடுக்கிறார்கள். ஆகவே திருப்பூரில் ஒரு கிலோ துணிக்குப் புதிதாக எடுக்கும் தண்ணீர் உலகச் சராசரியைவிட மிகவும் குறைவு. அதே நேரத்தில், ஆவியாக்க நீராவி வேண்டும், ஆர்.ஓ.வுக்கு அழுத்தம் வேண்டும். எனவே எரிபொருளும் மின்சாரமும் கூடுதல். சராசரி எண்ணைப் போட்டால் நாம் பட்ட பாட்டின் பலன் தண்ணீர்க் கணக்கில் காணாமல் போகும். நாம் கொடுக்கும் எரிசக்தி விலை கார்பன் கணக்கில் மறையும். இரண்டையும் அளந்து சொல்பவர்தான் பையரிடம், இந்தத் தண்ணீரைக் காப்பாற்ற இவ்வளவு எரிபொருள் செலவாகிறது, இதைச் சூரிய ஒளிக்கு மாற்ற நீங்கள் என்ன தருவீர்கள் என்று கேட்க முடியும். வெறும் சராசரியை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சைத் தொடங்கவே முடியாது.

பங்கு பிரிப்பது அடுத்த சிக்கல். ஒரு பட்டறை ஒரு மாதத்தில் வெள்ளையும் கறுப்பும் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை பேட்ச் சாஃப்ட் ஃப்ளோ எனும் சாய இயந்திரத்தில் ஐந்து மணி நேரம், கறுப்பு பத்து மணி நேரம். கறுப்புக்கு உப்பும் அதிகம், அலசலும் அதிகம். மொத்த மின்சாரத்தைக் கிலோவால் வகுத்தால் இரண்டும் சமமாகத் தெரியும். கறுப்பு மட்டும் வாங்கும் பையர் தூய்மையானவராகவும், வெள்ளை வாங்கும் பையர் பாதிப் பழியைச் சுமப்பவராகவும் ஆகிவிடுவார்கள். இயந்திர மணிநேரத்தை வைத்து வகுத்தால் கணக்கு உண்மையை நெருங்கும். பேட்ச் கார்டில் ஏற்றிய நேரமும் இறக்கிய நேரமும் எழுதும் பழக்கம் பல பட்டறைகளில் ஏற்கெனவே உண்டு. அந்த இரண்டு நேரங்களை உள்ளே வாங்கிக்கொள்ளாத மென்பொருள் எனக்கு வேண்டாம்.

வாங்குவதானால், கையெழுத்துக்கு முன் தெளிவாக வேண்டியவை இன்னும் சில. நாம் இட்ட தரவை முழுதாக வெளியே எடுக்க முடியுமா, அல்லது சந்தாவை நிறுத்தினால் எல்லாம் போய்விடுமா? நம் மில், நம் பட்டறை யார் என்பதை எந்தப் பையர் பார்க்க முடியும்? சாயப்பட்டறையின் பெயர் தெரிந்தால் பையர் நேராகப் போய்விடுவாரோ என்ற அச்சம் இந்த ஊரில் வீணானதல்ல, நடந்திருக்கிறது. பையர் கட்டாயப்படுத்தும் தளத்துக்கு நாம் சந்தா கட்டுவது நியாயம்தானா என்பதையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அறிக்கை அவருடையது, அதனால் வரும் நற்பெயரும் அவருடையது.

பட்டறைகளும் சுத்திகரிப்பு நிலையங்களும் சேர்ந்தால்

நான் அதிகம் நம்பும் வழி இது; இன்று வரை முழுமையாக எவரும் எடுக்காத வழியும் இதுதான். திருப்பூரில் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. முந்நூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் அவற்றில் உறுப்பினர்கள். ஒவ்வொரு பட்டறையிலிருந்து வரும் கழிவுநீரும் மீட்டரில் அளக்கப்படுகிறது. கட்டணமும் அந்த அளவை வைத்தே. நிலையத்துக்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு விறகு, எவ்வளவு தண்ணீர் மீண்டது, எவ்வளவு கலப்பு உப்பு கிடங்கில் சேர்ந்தது என்பதெல்லாம் நிலைய மேலாளரிடம் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பும் விவரங்களிலும் அதன் ஒரு பகுதி இருக்கிறது.

ஒவ்வொரு நிலையமும் மாதந்தோறும் ஒரே ஒரு தாள் வெளியிட்டால் போதும்: ஆயிரம் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்க இத்தனை யூனிட், இத்தனை கிலோ விறகு, மீண்ட தண்ணீர் இத்தனை சதவீதம், சேர்ந்த உப்பு இத்தனை கிலோ. பட்டறை தன் மீட்டர் எண்ணால் அதைப் பெருக்கிக்கொள்ளும். ஏற்றுமதியாளர் தன் துணியின் பங்கை எடுத்துக்கொள்வார். பதினெட்டு இடத்தில் ஒருமுறை செய்யும் கணக்கு, நூற்றுக்கணக்கான கம்பெனிகள் தனித்தனியாக ஊகிக்கும் வேலையை ஒழிக்கும். கிடங்கில் குவியும் கலப்பு உப்பு யாருடைய கழிவு என்ற கேள்விக்கும் அப்போதுதான் நேர்மையான பதில் கிடைக்கும். இன்று அது எவருடைய படிவத்திலும் சரியாக ஏறுவதில்லை.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பது எனக்குத் தெரியும். ஒரு நிலையத்தின் எண் மற்றொன்றைவிட மோசமாக இருந்தால் ஆர்டர் இடம் மாறுமே என்பார்கள். வாரியம் அதைப் பிடித்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்புமே என்பார்கள். தனிப் பட்டறையின் எண் வெளியே போகாமல், நிலையத்தின் சராசரி மட்டும் போனால் அச்சத்தின் பெரும்பகுதி குறையும். தனித்தனியாக எதிர்கொள்ள முடியாத தீர்ப்பு ஒன்றைப் பொது நிலையங்களில் சேர்ந்து எதிர்கொண்ட ஊர் இது. அந்தக் கூட்டு முதலீட்டில் கிடைத்த பலனைக் கணக்காக்கி வெளியே காட்டாமல் இருப்பது எனக்கு ஆதங்கம் தருகிறது.

காற்றாலை யூனிட்டை எழுதும்போது

திருப்பூர், கோவைத் தொழிலதிபர்கள் பலரிடம் காற்றாலை இருக்கிறது. ‘நாங்கள் நூறு சதவீதம் பசுமை மின்சாரம்’ என்று பையரிடம் சொல்வதற்கு முன் கொஞ்சம் நிதானம் வேண்டும். உலகம் பின்பற்றும் கார்பன் கணக்கு நெறிமுறை 2015 முதல் மின்சாரத்துக்கு இரண்டு எண்களைக் கேட்கிறது. மின்தொகுப்பின் சராசரியை வைத்து ஒன்று. நம் ஒப்பந்தத்தை வைத்து மற்றொன்று. காற்றாலை இரண்டாவதில் மட்டும்தான் பலன் தரும். அந்த யூனிட்டுகளுக்கான பசுமைச் சான்றை வேறு எவருக்காவது விற்றிருந்தால் இரண்டாவதிலும் உரிமை கோர முடியாது. மின்வாரிய பில்லில் காற்றாலைக்காகக் கழிக்கப்படும் யூனிட் தனியாகவே வருகிறது. அதை அப்படியே தனிக் கட்டத்தில் எழுதி வைத்தால் எந்தப் பையர் எந்த எண்ணைக் கேட்டாலும் கொடுக்கலாம். விறகிலிருந்து வரும் கார்பனும் அதே நெறிமுறையில் தனியாகக் காட்டப்பட வேண்டியது. நிலக்கரியோடு சேர்த்துக் கூட்டுவதும் தவறு. பூஜ்யம் என்று விட்டுவிடுவதும் தவறு.

யாருக்கு எது

பையர்கள் இருவர் அல்லது மூவர், ஆண்டு முழுக்க ஒரே வகைத் துணி என்றால் எக்செலே போதும். மென்பொருளுக்குச் செலவிட வேண்டாம். ஆனால் கோப்பு ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். பையர் படிவங்கள் எல்லாம் அதிலிருந்து எடுக்கப்பட வேண்டும்.

ஐரோப்பியப் பையர்கள் நான்கைந்துக்கு மேல் போனால் எஃப்.இ.எம். தவிர்க்க முடியாதது. உங்கள் தையல் ஆலைக்கு மட்டும் அதைச் செய்வதில் பெரிய பயனில்லை. தண்ணீரும் வெப்பமும் அங்கே இல்லை. முதன்மையான இரண்டு சாயப்பட்டறைகளை அதற்குள் கொண்டுவாருங்கள். தேவைப்பட்டால் முதல் ஆண்டுக் கட்டணத்தில் பங்கு கொடுங்கள். ஆர்கானிக், மறுசுழற்சிச் சரக்கு செய்பவர்களுக்கு டி.சி. எப்படியும் வேண்டும், அதன் கிலோ கணக்கை எக்செல் தாளோடு இணைத்துவிட்டால் அதுவே மற்ற எல்லாவற்றுக்கும் சரிபார்ப்பாகும். பாஸ்போர்ட்டை எதிர்நோக்கி மென்பொருள் வாங்க நினைப்பவர்கள், ஐரோப்பிய விதியின் இறுதி வடிவம் வரும்வரை நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்லது என்பேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலைக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஜாப் ஒர்க்குக்குப் போகும் சரக்குக்கு ஜி.எஸ்.டி.யின்படி சலான் போடுகிறோம். போனது, வந்தது, கிலோ எல்லாவற்றையும் ஐ.டி.சி.-04 படிவத்தில் கணக்குக் காட்டுகிறோம். அதாவது, சரக்கு யார் கையில் எப்போது இருந்தது என்ற பதிவு நம் அக்கவுண்ட்ஸ் அறையில் இருக்கிறது. பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அதைப் பார்ப்பதில்லை. போகும் சலானில் முந்தைய படியின் லாட் எண்ணுக்கு ஒரு கட்டம் சேருங்கள். திரும்பி வரும் சலானில் பட்டறையின் பேட்ச் எண்ணுக்கும் இயந்திர மணிநேரத்துக்கும் இரண்டு கட்டங்கள். அந்த மூன்று கட்டங்களும் நிரம்பாத சரக்கை ஸ்டோரில் இறக்க வேண்டாம் என்று ஸ்டோர் கீப்பருக்குச் சொல்லுங்கள். முதல் மாதம் சண்டை வரும், லாரி வாசலில் நிற்கும். அதைத் தாங்கும் துணிவு முதலாளிக்கு வேண்டும். மெர்ச்சண்டைசரால் தனியாகச் செய்யக்கூடிய வேலையல்ல.

பட்டறைக்காரர் இதை இலவசமாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. அடுத்த முறை சாய ரேட் பேசும்போது கிலோவுக்குச் சில பைசா இதற்கென்று தனியாக வையுங்கள். அந்தப் பைசாவை விலைப்பட்டியலில் தனி வரியாக எழுதிப் பையரிடம் கேளுங்கள். சிறு நிறுவனங்களிடம் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு ஓர் அளவு வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையமே 2025 ஜூலையில் வி.எஸ்.எம்.இ. என்ற எளிய வடிவத்தைப் பரிந்துரைத்திருக்கிறது. அதற்கு மேல் எட்டுப் பக்கம் கேட்கும் பையரிடம், அந்த எட்டுப் பக்கத்துக்கு என்ன தருகிறீர்கள் என்று கேட்பதற்கு அது நம் கையில் உள்ள ஆதாரம்.